களரி வெட்டிய கைகள்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களுக்கு முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாது. ஒரு கல்லில் வீரன் இடது கையில் வில்லைப் பிடித்திருக்கிறான். இன்னொன்றில் வாளை ஓங்கிய நிலை, மறு கையில் கேடயம். உடம்பில் அம்புகள் தைத்திருக்க, அப்போதும் முன்னங்காலை மடித்து அடியெடுத்து வைக்கிறான் ஒருவன். மேலே வட்டெழுத்தில் செய்தி: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் தொறு கொள்ள வந்தார்கள், யார் அதை மீட்டுப் பட்டான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாடுகளுக்காக உயிர் விட்டவனின் பெயர் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அவனுக்கு அந்த முன்னங்காலை மடிக்கக் கற்றுக்கொடுத்தவன் பெயரை நான் பார்த்த எந்தக் கல்லிலும் காணவில்லை. அவன் எங்கே நின்று பழகினான், அந்த இடத்தை யார் சமன் செய்தார்கள், மழைக்கு மேலே என்ன வேய்ந்தார்கள் என்பதற்கும் சான்று கிடையாது.

செத்தவனுக்குக் கல் உண்டு, பழக்கியவனுக்குக் கிடையாது. தற்காப்புக் கலைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் உறுத்தியது இதுதான்.

எங்கள் பக்கத்தில் கம்பு பழகும் இடத்துக்கு வேறு பெயர் கிடையாது. களம். கேழ்வரகு அடிக்கிற அதே களம்தான். அறுவடை முடிந்து, சாணி போட்டு மெழுகிய தரை காய்ந்து கிடக்கும் மாதங்களில், சாயங்காலம் மாமாமார்கள் கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் நிற்போம். வாத்தியார் உடனே கம்பைக் கையில் கொடுக்கமாட்டார். முதலில் காலடி. வலது, இடது, திரும்பு, பின்னால் வை. கால் வந்தால்தான் கை வரும் என்பது அவர் கணக்கு. சதுரமாகவும் முக்கோணமாகவும் அடியெடுத்து நாலு பக்கமும் காத்துக்கொள்வதற்குச் சிலம்பத்தில் 'வீடு கட்டுதல்' என்று பெயர். நிலமோ கூரையோ சொந்தமாக இல்லாதவர்கள்தான் அந்தக் களத்தில் பெரும்பாலும் வீடு கட்டிப் பழகினார்கள். அந்தச் சொல்லின் அழகும் வலியும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தன.

களம், களரி இரண்டும் ஒரே வேர். தமிழில் கூத்துக்களரி என்கிறோம். மலையாளக் கரையில் களரி என்றால் ஆயுதம் பழகும் கூடம். அப்படி ஒரு கூடத்தைத் தரித்திரம் பிடித்த ஒரு காலத்தில், யாரோ முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியதால், சொந்தமாகக் கட்டிக்கொண்டவர்களின் கதையை இங்கே சொல்லப்போகிறேன். அது நடந்த ஆண்டு 1949. இடம் கோழிக்கோட்டுக்கும் தலச்சேரிக்கும் நடுவில் உள்ள வடகரை. இன்று அது கேரளம். அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான். வடகரைக்காரரும் தருமபுரிக்காரரும் ஒரே கோட்டையிலிருந்து வந்த உத்தரவுக்கு, ஒரே மாதிரி ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் அவை. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிறக்கும்வரை இது அயலூர்க் கதையே கிடையாது.

அரிசி இல்லாத கரை

இரண்டாம் உலகப்போரில் மலபாரில் குண்டு விழவில்லை. ஆனால் 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் மலபாரின் அடுப்பு அணைந்தது. அந்தக் கரையில் தென்னையும் மிளகும் கமுகும் விளையும், நெல் போதாது. பர்மா அரிசி கப்பலில் வந்து இறங்கித்தான் பாதி வீடுகளில் உலை கொதித்தது. கப்பல் நின்றது. 1943-இல் பஞ்சமும் காலராவும் சேர்ந்து வந்து ஊர் ஊராகத் தின்றன. போர் முடிந்தும் நிலைமை திரும்பவில்லை. 1947-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் மழை வரிசையாகப் பொய்த்தது. அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி எடுத்தது 1952-இல். அதுவரை ஒரு குடும்பத்தலைவனுக்குத் தன் பிள்ளைகள் வயிற்றைத் தவிர வேறு நினைப்பு வருவதே பெரிய காரியம்.

இந்தக் காலத்தில் ஒருவன் சண்டை பழகும் கூடம் கட்ட நினைக்கிறான் என்றால், அதற்கு வயிற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. வி.பி. ராகவன் தீயர் குடியைச் சேர்ந்தவர். களரி பழக ஆசைப்பட்டார். சாதியைச் சொல்லி இடம் மறுத்தார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். வடகரையைச் சுற்றிய பகுதிக்குப் பழைய பெயர் கடத்தநாடு. வடக்கன் பாட்டுகள் பிறந்த மண். நாற்று நடும் பெண்கள் வயலில் பாடிப் பாடியே காப்பாற்றி வைத்த வீரகதைகள் அவை. அந்தக் கதைகளில் தலைசிறந்த வீடு புத்தூரம் வீடு. ஆரோமல் சேகவரும், வாளெடுத்து ஒரு கூட்டத்தையே தனியாக எதிர்த்து நின்ற உண்ணியார்ச்சையும் அந்த வீட்டுப் பிள்ளைகள். அது தீயர் வீடு. பாட்டில் அந்த வீட்டு வீரத்தைக் கொண்டாடிய ஊரில், அதே குடியில் பிறந்த பையனுக்குக் களரிக்குள் கால் வைக்க அனுமதி இல்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். சென்னை மாகாணத்தில் 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவோடு அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது 1949 நவம்பரில். ஆனால் பழைய களரிகள் பெரும்பாலும் தறவாடு எனப்படும் பரம்பரைக் குடும்ப வீடுகளோடு சேர்ந்தவை. தெய்வம் குடியிருக்கும் இடமாக அவற்றைப் பாவித்தார்கள். பொதுக்கோயிலின் கதவைச் சட்டம் திறக்கலாம். ஒருவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கூடத்தின் கதவை எந்தச் சட்டம் திறக்கும்? ராகவன் மனு எழுதவில்லை. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து தன் ஊரிலேயே ஒரு களரியைத் தொடங்கினார். கடத்தநாடன் களரி சங்கம் அப்படிப் பிறந்தது. சாதி கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது. கட்டணம் வாங்கவில்லை. இன்றுவரை வாங்குவதில்லை.

மண்ணைத் தோண்டிக் கட்டும் வீடு

பள்ளிக்கூடம் கட்டுவது என்றால் நமக்கு மேலே எழுப்புவது. களரி கட்டுவது கீழே தோண்டுவது. மரபுக் கணக்குப்படி 42 அடி நீளம், 21 அடி அகலம். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பளவு ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். குழிக்களரி என்று அதனால்தான் பெயர். வாசல் கிழக்கே. நீளம் கிழக்கு மேற்காக. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக உயரும் பூத்தறை. களரியின் தெய்வம் அங்கேதான். பக்கத்தில் குருவை நினைத்து ஒரு தறை. மேலே தென்னங்கீற்றுக் கூரை.

இந்த அளவுகளில் ஒரு ஏழையின் புத்தி இருக்கிறது. குழிக்குள் காற்று நேராக அடிக்காது. வியர்த்த உடம்பில் கூதல் படாது. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே ஒரே சூடு இருக்கும். மண்ணே சுவராக நிற்பதால் செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் பணம் தேட வேண்டாம். தேவைப்படுவது இடமும் மண்வெட்டியும் நாள்கணக்கில் வளையக்கூடிய முதுகுகளும்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 42 அடிக்கு 21 அடி, நாலடி ஆழம் என்று வைத்தால் 3,500 கன அடிக்கும் மேலே மண். ரேஷன் அரிசிக் கஞ்சி குடித்த கைகள் அவ்வளவு மண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். எந்தக் களரியையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயிற்சி முதல் வணக்கத்தில் தொடங்குவதாகச் சொல்வார்கள். மண்வெட்டியின் முதல் வெட்டிலேயே அது தொடங்கிவிடுகிறது.

தோண்டினால் மட்டும் போதாது. தரையை மெழுக வேண்டும், இறுக்க வேண்டும். வெறுங்காலோடு குதித்து விழுகிற தரை அது. கல் ஒன்று துருத்தினால் குதிகால் போய்விடும். உள்ளே நுழைகிறவன் வலது காலை முதலில் வைத்து, குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சடங்கு. அந்த மண்ணைச் சுமந்தவர்களுக்கு அது நன்றி.

ஆடி மாதத்துப் பசி

களரிப் பயிற்சிக்குரிய பருவம் மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது தொடங்கி செப்டம்பர் வரை போகும். உடம்பு இளகி, எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு அதுவே ஏற்ற காலம் என்பார்கள். நம் ஆடி மாதம் அவர்களுக்குக் கர்க்கடகம். அந்த மாதத்துக்கு மலையாளத்தில் பஞ்ச மாதம் என்ற பெயரும் உண்டு. வயலில் வேலை இருக்காது. கடலில் வள்ளம் இறக்க முடியாது. பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும். வருடத்திலேயே வயிறு மிகவும் காலியாக இருக்கும் அந்த நாட்களில்தான் உடம்பை மிகவும் வருத்தும் பயிற்சி நடக்கும். 1949-இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் இப்படி ஒரு பள்ளியை நடத்துவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே நான் புரிந்துகொள்கிறேன். பையனைத் தாழ்ந்து எழச் சொல்வதற்கு முன், அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று ஆசானுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்துக்கு அவசரம் கிடையாது. முதலில் மெய்த்தாரி: உடம்பை மட்டும் வைத்துச் செய்வது. காலை நெற்றிக்கு மேலே வீசி உயர்த்துவது, தரையோடு தரையாகத் தாழ்வது, யானையும் சிங்கமும் குதிரையும் பாம்பும்போல வடிவு கொள்வது. ஆசான் வாய்த்தாரி சொல்வார். அவர் குரலின் தாளத்துக்கு வரிசை முழுதும் அசையும். அடுத்து கோல்தாரி: நெடிய கம்பு, மூன்று சாண் குறுவடியான முச்சாண், யானைத் தந்தம்போல வளைந்த ஒற்றை. அதற்கும் பிறகே அங்கத்தாரி, அதாவது இரும்பு: குத்துவாள், வாளும் கேடயமும், ஈட்டி, கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உறுமி. நம் ஊர் சுருள்வாளின் உடன்பிறப்பு அது. தவறாக வீசினால் முதலில் வீசியவன் தோலையே கிழிக்கும். வெறுங்கை பிறகு. மர்மம், நம் சொல்லில் வர்மம், எல்லாவற்றுக்கும் கடைசி. எங்கே அடித்தால் ஆள் சாய்வான் என்பதை ஒருவனிடம் சொல்வதற்கு முன்னால் அவனைப் பல வருடம் பார்த்திருக்க வேண்டும் என்பது ஆசான்களின் பிடிவாதம். எனக்கு அந்தப் பிடிவாதத்தின்மேல் மரியாதை அதிகம்.

கட்டணம் இல்லாத பள்ளியில் எண்ணெய்க்குக் காசு எங்கிருந்து வரும்? குருதட்சணை உண்டு. மாணவன் தன்னால் முடிந்ததை வெற்றிலையில் வைத்துக் கொடுப்பான். எவ்வளவு என்று யாரும் விரித்துப் பார்த்துக் கேட்பதில்லை. பொதுவாகக் களரிகளைத் தாங்கிப் பிடித்தது இன்னொரு வேலை: வைத்தியம். எலும்பு முறிந்தவர், மரத்திலிருந்து விழுந்த கள்ளிறக்குவோர், சுளுக்கு, பிடிப்பு, இடுப்பு நழுவல் எல்லாம் குருக்களிடம்தான் வரும். நாம் புத்தூர் கட்டுக்குப் போவதுபோல. (குருக்கள் என்றதும் நமக்குச் சிவன் கோயில் நினைவுக்கு வரும். அங்கே களரி ஆசானுக்கு அந்தப் பெயர்.) கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் தடவும் உழிச்சில் வைத்தியம் மாணவர்களின் தசையை இளக்கவும் உதவியது, ஊர்க்காரர்களின் வாதத்தைப் போக்கவும் உதவியது. அடிக்கத் தெரிந்த கைதான் அணைத்துக் கட்டவும் செய்தது. களரி கற்றவர்களுக்கு இன்னொரு பிழைப்பும் அந்தக் கரையில் இருந்தது. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார்; களரி தெரிந்த ஆசான் அவர். வறுமைப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் அங்கே பழகிக் கூடாரங்களோடு நாடெல்லாம் போனார்கள். வளையும் உடம்பு அவர்களுக்குச் சோறு போட்டது.

களரி 1949-க்கு முன்பே ஏறக்குறைய அழிந்து மீண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1805-இல் பழசிராஜா வீழ்ந்த காலத்திலிருந்தே மலபாரில் ஆயுதத்தைக் கண்டால் கும்பெனிக்கு ஆகாது. மருது சகோதரர்களின் போருக்குப் பின் 1801-இல் தமிழ்ப் பாளையங்களிலும் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார்கள். வாளைப் பிடுங்கினால் பழக்கமும் போகும் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. முழுதாகப் போகவில்லை. கோட்டக்கல் கணாரன் குருக்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்ததைச் சேர்த்தெடுத்தார். அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயர் அதை மேடையேற்றிக் காட்டி, 1944-இல் நாற்பது வயதுக்குள் இறந்துபோனார். அவருடைய மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் திருவனந்தபுரத்தில் சி.வி.என். களரியைத் தொடங்கினார். இந்தப் பெரிய பெயர்களின் நடுவே வடகரைக் களரியின் இடம் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அது பெரிது. மறுபடி உயிர்பெற்ற கலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்தக் களரி செயலில் பதில் சொன்னது.

ஏழு வயதுப் பெண்

களரி தொடங்கிய காலத்தையொட்டி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தந்தை அங்கே கூட்டிக்கொண்டு வந்தார். நடனம் கற்றுக்கொண்டிருந்தவள். களரி பழகினால் நடனத்துக்கு உடம்பு இன்னும் வளையும் என்பது எண்ணம். பெண் பிள்ளைகள் களரிக்கு வருவது அப்போது அபூர்வமில்லை. ஆனால் வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தந்தை நிறுத்தவில்லை. மகள் தொடர்ந்தாள். பதினேழாவது வயதில் ஆசான் ராகவனையே மணந்துகொண்டாள். மீனாட்சி அம்மா என்று இன்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

2000-களின் பிற்பகுதியில் ராகவன் குருக்கள் மறைந்த பிறகு களரியின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. எழுபது வயதைத் தாண்டி, கட்டிய சேலையை வரிந்து செருகிக்கொண்டு, வாளோடு அவர் எதிர்த்து நிற்கும் காட்சி கைப்பேசிகளில் பரவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அவர் வயதைக் கண்டு வியக்கிறார்கள். நான் அவர் பாதங்களைப் பார்க்கிறேன். வெறுங்கால், சிவந்த மண், உடம்பின் எடை முழுவதும் ஒரு பாதத்தில். அந்த நிலை ஒரு நாளில் வந்ததில்லை. தீட்டு என்று சிலரைத் தள்ளிய ஊரில் ஒரு குடும்பம் வெட்டிய தரை, அறுபது எழுபது மழைக்காலங்களாக அந்தப் பாதங்களுக்குக் கீழே இருந்திருக்கிறது. உண்ணியார்ச்சையைப் பாட்டில் மட்டும் கேட்ட கடத்தநாட்டுப் பெண்பிள்ளைகள், அதன்பின் ஒரு பெண்ணின் வாய்த்தாரிக்கு அடியெடுத்து வைத்தார்கள்.

அதே ஆண்டு, வேறு கரைகள்

போர் நேரடியாக எரித்த ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் வடகரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தோற்ற ஜப்பானில் 1945 இறுதியில் பள்ளிகளில் வீரக்கலைகளுக்குத் தடை வந்தது. டோக்கியோவின் ஐகிடோ கூடம் குண்டுவீச்சில் தப்பியது. ஆனால் வீடிழந்த குடும்பங்கள் அதற்குள் குடியேறின. பாய் விரித்துப் பழகிய இடத்தில் அடுப்புப் புகைந்தது. நிறுவனர் உவேஷிபா கிராமத்துக்குப் போய்விட்டிருந்தார். மகன் கிஷோமாரு பகலில் ஒரு பங்குத்தரகு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்தக் காசில் கூடத்தைக் காப்பாற்றினார். அகதிகளை வெளியே தள்ளாமலே, அங்கே முறையான வகுப்புகள் திரும்பத் தொடங்கியது 1949-இல். வடகரையில் களரி பிறந்த அதே ஆண்டு. மஞ்சூரியாவிலிருந்து எல்லாம் இழந்து திரும்பிய டோஷின் ஸோ, தடோட்ஸு என்ற சிற்றூரில் 1947-இல் ஷோரின்ஜி கெம்போவைத் தொடங்கினார். கள்ளச்சந்தையும் வெறுமையுமாகத் திரிந்த இளைஞர்களை நிமிர்த்த வேண்டும் என்பது அவர் தவிப்பு.

என்னை அதிகம் அசைத்தது ஒகினாவா. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் அந்தத் தீவின் குடிமக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மாண்டார்கள். கோஜு-ரியூ கராத்தேயின் ஆசான் மியாகி சோஜுன் பெற்ற பிள்ளைகளில் சிலரை இழந்தார். தன் கலையை ஒப்படைக்க நினைத்திருந்த மாணவர் ஜின்ஆன் ஷின்ஸாடோவையும் இழந்தார். நாஹா நகரமே சாம்பல். முதலில் உயிர் திரும்பியது ட்ஸுபோயா என்ற குயவர் தெருவுக்கு. மக்களுக்குச் சோறு தின்னச் சட்டி இல்லை என்பதால் குயவர்களைத்தான் முதலில் ஊருக்குள் விட்டார்கள். அந்தத் தெருவில், தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கூரை இல்லாத தோட்டத்தில் மியாகி பாடம் நடத்தினார். கருவிகள் என்ன? கம்பு செருகிய கல், விரல் நுனியில் கவ்வித் தூக்கும் மண்ஜாடி, வைக்கோல் சுற்றிய கட்டை. நம் ஊர் இளவட்டக்கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோட்டம் அந்நியமாக இருக்காது. 1953-இல் அவர் இறக்கும்வரை அதுதான் பள்ளிக்கூடம். கொஞ்சம் பேர்தான் படித்தார்கள். போரில் அனாதையான பையன் ஒருவனும் அவர்களில் உண்டு. இன்று உலகமெல்லாம் கோஜு-ரியூ பழகும் பிள்ளைகள் நாள்தோறும் செய்யும் அசைவுகள் அந்தக் கொல்லைப்புறத்தைக் கடந்து வந்தவை.

ஆனால் ஜப்பானில் கதவைச் சாத்தியது அந்நியப் படை. வடகரையில் சாத்தியது பக்கத்து வீடு. அந்நியன் போட்ட தடை ஐந்தாறு ஆண்டில் விலகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மனதுக்கு அப்படிக் கெடு வைக்க முடியாது. ஆகவே ராகவனும் சகோதரர்களும் செய்தது எனக்கு இன்னும் கடினமான காரியமாகத் தோன்றுகிறது.

நம் களம்

தருமபுரிக்குத் திரும்புகிறேன். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை, அதாவது பழைய தருமபுரியை, அழித்ததைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. தகடூர் அதியமானின் ஆயுதங்களை ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அவ்வளவு பழைய போர்ப்பழக்கம் உள்ள ஊர் இது. இன்று இங்கே கம்பு எடுக்கும் பிள்ளைகள் குறைவில்லை. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. அதற்கு முன்பே களரிப்பயட்டு போட்டி விளையாட்டாக அங்கே நுழைந்துவிட்டது. சான்றிதழ், பதக்கம், வேலை என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. பெண் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்களை ஊர்தோறும் பார்க்கிறேன். மனம் நிறைகிறது.

குறைவது தரை. எங்கள் சின்ன வயதுக் களம் இப்போது இல்லை. சில இடங்களில் வீட்டுமனை ஆகிவிட்டது. சில இடங்களில் முள் மண்டிவிட்டது. கேழ்வரகைத் தார்ச்சாலையில் பரப்புகிறார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி மணியை உதிர்க்கின்றன. களம் போன வழியே வாத்தியாரின் பள்ளிக்கூடமும் போய்விட்டது. கோயில் முன்வாசல், வாரச்சந்தை மேடை, ஏரிக்கரை, பள்ளி மைதானம் என்று இடம் இடமாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பழைய களங்களும் எல்லோருக்கும் திறந்திருந்தவை இல்லை. இந்தத் தெருப் பையன் அந்தத் தெரு வாத்தியாரிடம் பழக முடியாத ஊர்கள் இங்கேயும் இருந்தன. சிறுவனாக நான் நின்ற களத்தின் ஓரத்துக்கு அப்பால், வரப்புக்கு அந்தப் பக்கம், கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற என் வயதுப் பையன்கள் சிலரை நான் மறக்கவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு பேரூராட்சிக்கு 42 அடிக்கு 21 அடி இடம் கொடுப்பது முடியாத காரியமா? விளக்கு ஒன்று, மழைக்கு ஒரு தகரக் கூரை, கல் பொறுக்கிய மண் தரை. எந்தத் தெருப் பிள்ளையும் உள்ளே வரலாம் என்ற ஒரே விதி. கோடிக்கணக்கில் அரங்கம் கேட்கவில்லை. அரிசி இல்லாத ஆண்டில் ஒரு குடும்பம் தன் கையால் செய்ததை, அரிசி இருக்கும் ஆண்டில் ஓர் ஊர் சேர்ந்து செய்யலாம் என்கிறேன்.

போன வாரம் பென்னாகரம் சாலையில் வரும்போது மாலை ஆறு மணி இருக்கும். சாலையின் ஒரு பாதியில் கேழ்வரகுத் தாள் பரப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு பள்ளியின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நாலைந்து பிள்ளைகள் கம்போடு நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். வாத்தியார் சாவி வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள். வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சின்னவள் காத்திருக்கப் பொறுக்காமல், தாளுக்கும் கேட்டுக்கும் நடுவில் கிடைத்த மூன்று முழ இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வலது காலை முன்னால் வைத்தாள்.